கத்தரீனாள் ஏரோ என்ஜின்ஸ் பறந்த வரலாறு

இயேசு மரி சூசை துணை

பீர்மேடு

அன்புமிக்க மச்சான் பிலவேந்திரன் அவர்களுக்கு, தங்கள் தங்கை கத்தரீனாளின் கணவன் சூசையப்பன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான், தங்கள் தங்கை, மகள் பின்சி, என்ஜின் ஆகிய நால்வரும் ஆண்டவர் புண்ணியத்தில் நலம். வாளையாரில் தாங்களும் தங்கள் லாரி ஸ்பேர் பார்ட்ஸ் கடையும் நலம்தானா?

போன கிறிஸ்துமஸுக்கு வந்திருந்தபோது, வாயில் கேக்கை வைத்துக்கொண்டே தாங்கள் சொன்னதை நான் மறக்கவில்லை. "ஏலத்தோட்டத்துக்கு மருந்தடிக்கிற மிஷினை ரிப்பேர் பார்த்தவன் ஏரோப்ளேன் என்ஜின் செய்யப் போறானாம். ஈஸ்டர் வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள ஆளை வச்சுப் பறக்கலேன்னா பட்டறையைப் பூட்டிட்டு, பின்சியை என் கடைக்குப் பில் போட அனுப்பிரு" என்றீர்கள். கத்தரீனாளும் அண்ணன் பேச்சுக்குத் தலையாட்டிவிட்டாள். மெக்கானிக்கல் படித்த பிள்ளை பின்சி, அன்று சாப்பிடாமல் எழுந்து பட்டறைக்குப் போனாள். மச்சான், பறந்துவிட்டது. குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின நாளே பறந்துவிட்டது. ஆகவே கம்பெனியின் வரலாற்றை முறையாகத் தெரிவிக்கிறேன். உட்கார்ந்து படிக்கவும்.

பெண்டாட்டி பெயரில் போர்டு எழுதினால் பெண்டாட்டியே மூடச் சொல்ல மாட்டாள் என்றுதான் 'கத்தரீனாள் ஏரோ என்ஜின்ஸ்' என்று பெயர் வைத்தேன். முதல் என்ஜினை மருந்து மிஷின் சிலிண்டர்கள் இரண்டை ஜோடி சேர்த்துச் செய்தோம். அதை ஒரு மர பெஞ்சில் முடுக்கி, காற்றாடியை மாட்டி ஓட்டியபோது, பெஞ்சைத் தரையோடு முடுக்க மறந்தது யார் என்பதில் வீட்டில் இன்னும் கருத்து வேறுபாடு உண்டு. பெஞ்சு வாசலைத் தாண்டி, கோழிக்கூட்டைத் தாண்டி, ரோட்டுக்குப் போய்க் குமுளி பஸ்ஸை மறித்துக்கொண்டு நின்றது. தோற்றுப்போன என்ஜின் பஸ்ஸை மறிக்குமா மச்சான்? இரண்டாவது என்ஜின் ஆயிலைக் கக்கியது, அதுவும் தங்கள் தங்கை வெளுத்துக் காயப்போட்டிருந்த கோயில் பீடத் துணியின் மேல். மூன்றாவதைப் பின்சியே கடைந்து, கோர்த்து, பனிக்காலம் பூராவும் ஓட்டிச் சோதித்தாள்.

கொழிஞ்சாம்பாறையில் தென்னந்தோப்பும் சொந்தமாக ரெண்டு சீட் விமானமும் வைத்திருக்கும் செங்கோடன் என்பவர், நம் என்ஜினைப் பற்றிக் கேள்விப்பட்டு, தம் விமானத்தை லாரியில் ஏற்றி எங்கள் மேட்டு மைதானத்துக்கே கொண்டு வந்தார். அவரே ஓட்டத் தெரிந்தவர். பின்சி அதன் பழைய என்ஜினைக் கழற்றிவிட்டு நம்முடையதை மாட்டினாள். எஸ்டேட் லயத்துச் சனம் முழுக்கக் கூடிவிட்டது. இங்கே புது ஜீப் வாங்கினால்கூடப் பங்குச் சாமியார் அச்சன் வந்து மந்திரிக்காமல் சாவி போடமாட்டோம், விமானத்தை விடுவேனா? பின்சியிடம் சொல்லாமல், புதிதாக வந்திருக்கும் ரிஞ்சு அச்சனைக் கூட்டி வந்துவிட்டேன். அவள் ஏர் ஃபில்டரைக் கழற்றி வைத்துவிட்டு ஸ்பானர் எடுக்கப் போயிருந்த நேரம் அது. அச்சன் தாராள மனசுக்காரர். இறக்கை, சக்கரம் எல்லாவற்றுக்கும் தீர்த்தம் தெளித்துவிட்டு, "உள்ளிலும் வேணுமோ சேட்டா?" என்றார். "நல்லா ஊத்துங்கச்சா, உள்ளதான் உசுரு இருக்கு" என்றேன். என்ஜினுக்குக் காற்றுப் போகத் திறந்து கிடந்த வாய்க்குள் செம்பைக் கவிழ்த்தார்.

என்ஜின் இரண்டு முறை இருமியது. பிறகு அதுவும் இல்லை. செங்கோடன் மெதுவாக, "ஏனுங்க, இது தண்ணியில ஓடற என்ஜினுங்களா?" என்று கேட்டார். பின்சிக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. "அப்பா, மாமா கடைக்குப் போறதுக்கு நீங்களே பெட்டி கட்டிக் குடுத்திட்டீங்க" என்றாள். எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது. ஆனால் அவள் என் மகள், அழுதுகொண்டே கார்புரேட்டரைப் பிரித்துத் தண்ணீரை வடித்தாள், பிளக்குகளைக் கழற்றி என் கையில் திணித்தாள். மழையில் நனைந்த மருந்து மிஷினுக்கு நம் ஊரில் என்ன வைத்தியம்? ஓடினேன் செல்வலட்சுமியின் டீக்கடைக்கு. "ரெண்டு பிளக்கு, நல்லா வறுத்துக் குடு தாயி" என்றேன். அவள் அடுப்பைக் கிளறிவிட்டு, "சட்னி வேணுமாண்ணே?" என்று கேட்டாள்.

சுடச்சுட மாட்டினோம். காற்றாடிக்கு ஒரே சுற்று, என்ஜின் பிடித்துக்கொண்டது. செங்கோடனும் பின்சியும் ஏறி உட்கார்ந்தார்கள். மைதானத்தின் கடைசிக்குப் போவதற்குள் சக்கரம் தரையை விட்டது. தேயிலைக் காட்டுக்கு மேலே, கோயில் கோபுரத்துக்கு மேலே, என் மகள் போனாள் மச்சான். எனக்குத் தலை சுற்றியது, தரையில் நின்ற எனக்கு. கத்தரீனாள் செபமாலையைக் கையில் பிடித்தபடி சிரித்துக்கொண்டே அழுதாள். இறங்கி வந்த செங்கோடன், "அந்தப் பழைய என்ஜின் எனக்கு வேண்டாமுங்க. அம்மிணி, என்ற கூட்டாளிக ரெண்டு பேருத்துக்கும் இதே மாதிரி செஞ்சு குடுக்கோணும்" என்றார். அச்சன் எல்லாம் தீர்த்தத்தின் மகிமை என்று ஞாயிற்றுக்கிழமை பிரசங்கமே வைத்துவிட்டார்.

ஆகவே, பின்சி தங்கள் கடைக்குப் பில் போட வரமாட்டாள் என்பதைத் தலைநிமிர்ந்து தெரிவித்துக்கொள்கிறேன். அந்தோணியார் தங்கள் கடையில் காணாமல் போன நட்டுகளையெல்லாம் கண்டுபிடித்துத் தருவாராக. வீட்டில் எல்லோருக்கும் எங்கள் அன்பு.

இப்படிக்கு,
சூசையப்பன்
நிறுவனர், கத்தரீனாள் ஏரோ என்ஜின்ஸ்

பி.கு: கடிதத்தை ஒட்டப்போகும் நேரம் பின்சி வந்தாள். அடுத்த ரெண்டு என்ஜினும் முடியும்வரை அப்பா பட்டறைப் பக்கமே வரக்கூடாது என்று சொல்லிவிட்டாள். கத்தரீனாள், அண்ணன் பேச்சுக்கு ஆட்டியதைவிட வேகமாகத் தலையாட்டினாள். மச்சான், பில் போட இன்னும் ஆள் கிடைக்கவில்லை என்றால் சொல்லுங்கள். எனக்குக் கூட்டல் நன்றாகவே வரும், திங்கட்கிழமையே புறப்பட்டு வருகிறேன்.