ஹோர்ன் அக்கா போட்ட குளிசைகள்

மன்னார்த் தீவில் கழுதைகள் மதித்து வழிவிட்ட ஒரே ஆள் ஹோர்ன் அக்காதான். பெரிய அதிகாரியின் வாகனம் வந்தாலும் நடுவீதியில் அசையாமல் நிற்கிற கழுதைகள், அவருடைய ஓட்டோ தாழ்வுபாட்டு வீதியில் திரும்பும்போதே மதிலோரம் ஒதுங்கிவிடும். ஆட்டுக்கு ஹோர்ன் அடிப்பார், காகத்துக்கு அடிப்பார், எதிரே ஒன்றுமே வராவிட்டால் அதற்காகவும் ஒருதரம் அடிப்பார்.

தினமும் என்னை வேலைக்குக் கந்தோரில் கொண்டுபோய் விடுபவர் அவர். இந்தியாவில் அகதி முகாமில் ஆண்பிள்ளையாக வளர்ந்து, தாயோடு ஊர் திரும்பியபின் பெண்ணாக வாழத் தொடங்கியவர். ஓட்டோ ஸ்டாண்டில் முதலில் சிரித்தவர்கள் பிறகு விட்டுவிட்டார்கள். அந்த ஹோர்ன் சத்தத்தில் சிரித்தும் பயனில்லை.

உடம்பும் மாறவேண்டும் என்று, டொக்டரிடம் போகாமலே குடும்பக்கட்டுப்பாட்டுக் குளிசைகளைப் பார்மசியில் வாங்கிப் போட்டுவந்தார். அளவும் அவரே வைத்ததுதான்.

"ஒண்டு போட்டால் மாற ஒரு வருசமெண்டால், நாலு போட்டால் மூண்டு மாசம்தானே, தங்கச்சி?"

"அக்கா, அது பெற்றோல் இல்லை" என்றேன். ஹோர்ன் அடித்து என் பேச்சை முடித்துவைத்தார்.

ஒருநாள் காலை அவருடைய வலது கால் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது.

"பிரேக் மிதிச்சு மிதிச்சு வீங்கிப்போச்சு."

பக்கத்து ஓட்டோக்கார அந்தோனி அண்ணன் உண்மையான அக்கறையோடு கேட்டார்: "நீ எப்ப பிரேக் மிதிச்சனி?"

அவர்தான் அக்காவின் ஓட்டோத் திறப்பைப் பறித்து எங்களை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போனார். பின்சீற்றில் வலியில் முனகிக்கொண்டே அக்கா, "அண்ணை, ஹோர்ன் அடியுங்கோ" என்று வழிநெடுக உத்தரவு போட்டார்.

அங்கே அட்டையிலிருந்த பழைய ஆண்பெயரைக் கூப்பிட்டார்கள். அக்கா விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடி கூப்பிட்டார்கள். "அந்தத் தம்பி போயிட்டார் போல" என்று வரிசையிலிருந்த பெரியவர் ஒருவர் உதவிக்கு வந்தார்.

இளம் பெண் டொக்டர் ஒருவர் எழுந்து வந்தார். "உங்களை நான் என்னெண்டு கூப்பிட?"

ஊரையே காது பொத்தவைத்த மனுசி டொக்டருக்கு மட்டும் கேட்கச் சொன்னார்: "ரெஜினா."

காலை ஸ்கான் செய்து பார்த்து, போட்ட குளிசைகளையும் விசாரித்தபின் டொக்டர் சொன்னார்: "ரெஜினா, காலில இரத்தம் கட்டிப்போய்க் கிடக்கு. நெஞ்சுக்கு ஏறியிருந்தால் உயிருக்கே ஆபத்து. இந்தக் குளிசையை இண்டையோட நிப்பாட்டவேணும்."

"நிப்பாட்டினால் நான் திரும்பப் பழைய ஆளாகிடுவனோ, டொக்டர்?"

டொக்டர் கதிரையை இழுத்துப்போட்டு அருகில் இருந்தார். "இல்லை. முதல்ல கால் சுகமாகட்டும். கொழும்பில இதுக்கு கிளினிக் இருக்கு. இரத்தம் பாத்து, உங்கட உடம்புக்குத் தக்க மருந்து தருவினம். நான் கடிதம் தாறன்."

அக்கா என் கையை இறுக்கிப் பிடித்திருந்தார்.

கால் தேறியபின் கொழும்புக்குப் போனார். திரும்பி வந்து முதலில் சொன்ன முறைப்பாடு: "அந்த பஸ் டிரைவர் புத்தளம் வரைக்கும் ஹோர்னைத் தொடவே இல்லை. மனுசர் எப்பிடி நித்திரை கொள்ளுறது?"

இப்போது அளவான மருந்துதான். தோலில் ஒட்டுவது. இடைக்கிடை இரத்தப் பரிசோதனை. கன்னம் மெல்ல மெல்ல மென்மையாகிறது. அதை ஓட்டோக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஓட்டுகிறார்.

"அக்கா, றோட்டைப் பாருங்கோ."

"றோட்டு மாறேல்லை தங்கச்சி. நான்தான் மாறுறன்."

கிளினிக்குக்காக அவர் கொழும்பு போகும் நாட்களில் நான் கந்தோருக்கு நடந்தே போகிறேன். சந்தியில் வேறு ஓட்டோக்கள் நிற்கத்தான் செய்கின்றன. ஏற மனம் வருவதில்லை.