கேட்டது ஒரு கிளாம்பு

கள்ளக்குறிச்சியில் சைலன்சர்காரர் கை படாத வெள்ளைச் சட்டை ஒன்றுகூட இருந்ததில்லை. டீசல் வண்டி எது பட்டறைக்கு வந்தாலும், ஓடும்போதே புகைக்குழாய் வாயில் உள்ளங்கையை வைப்பார். கை கரியானதும் அதை அப்படியே வண்டிக்காரரின் நெஞ்சில் பதித்து, "பாத்துக்க, மூச்சு முட்டுது!" என்பார். வண்டிக்கா, நமக்கா என்று கேட்கக் கூடாது.

இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த காலம். கல்வராயன் மலையிலிருந்து மாமாவின் ஜவ்வரிசி ஆலைக்கு மரவள்ளிக்கிழங்கு ஏற்றிவருவது என் வேலை. பிக்கப் வண்டியில் சைலன்சர் ஆடியது. குழாயை இறுக்கிப் பிடிக்கக் கிளாம்பு போடச் சொல்லி அவரிடம் விட்டேன். கவனியுங்கள், ஒரே ஒரு கிளாம்பு. சாயங்காலம் போனால் பழைய குழாய் தரையில் கிடக்கிறது. வண்டியின் அடியில் என் தொடை பருமனுக்கு ஒரு புதுக் குழாய், சைலன்சர் என்று பேருக்கு ஒரு டப்பா.

"இன்னா இது?"

"இம்மாம் சின்ன பைப்புல பொக எப்டி தம்பி வெளிய போவும்? மூக்க அடச்சிக்கினு நீ மல ஏறுவியா?"

வண்டியைக் கிளப்பினேன். எதிர்க் கடையில் தொங்கிய வாழைத்தார் ஆடியது. மலையில் இரண்டாவது கியரில் முக்கி முனகிய வண்டி மூன்றாவதில் ஏறியது உண்மைதான். அதற்காக ஊரையே எழுப்ப வேண்டுமா?

மறுவாரம் கச்சிராயபாளையம் சாலையில் புளியமரத்தை வெட்டிப்போட்டு மறியல். என் வண்டி உறுமியதும் போலீஸ் லாரிதான் வருகிறது என்று அத்தனை பேரும் கரும்புக்குள் ஓடிவிட்டார்கள். ஒற்றை ஆளாக நான் இறங்கியதைப் பார்த்துத் திரும்பி வந்தார்களே, அந்தக் கோபத்தை இன்றும் மறக்க முடியாது.

"எங்களயே ஓட வுட்டியா? ஒக்காருடா இங்க!"

பொழுது சாயும்வரை அந்த மரத்தின்மேல் உட்கார்ந்து கோஷம் போட்டேன். தொண்டை கட்டிக்கொண்டது.

நேரே பட்டறைக்குப் போய்ப் பழைய சைலன்சரையே மாட்டச் சொல்லிக் கத்தினேன். கத்தினேன் என்பது பேருக்குத்தான். குரல் எங்கே இருந்தது? அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"வண்டிய கொல்ற தம்பி" என்றபடியே மாட்டினார்.

பஸ்கள் ஓடாத நாட்கள். மலைக்குப் போனது என் வண்டி ஒன்றுதான். சத்தமில்லாமல் மலைமேல் கரியாலூர் போய் நின்றேன். ஒரு மூட்டை இல்லை, ஓர் ஆள் இல்லை. ஹாரன் அடித்துப் பார்த்தேன். அது அடுத்த வளைவைத் தாண்டவில்லை. வெறும் வண்டியோடு இறங்கினேன்.

மறுநாள் போனபோது சாலையோரம் ஒரு பெண் மூட்டையோடு உட்கார்ந்திருந்தாள். ஒரு கிழங்கை ஒடித்து என் முகத்துக்கு நேரே நீட்டினாள். உள்ளே கருநீலக் கோடு ஓடியிருந்தது.

"தோண்டி மூணு நாளாச்சி. நேத்து வந்தியாமே? பஸ்ஸு நின்னதுலேர்ந்து ஒன் வண்டி சத்தந்தான் எங்களுக்குக் கணக்கு. நீ அடிவாரத்துல ஏறச்சொல்லோ சத்தம் கேக்கும். அப்ப மூட்டயத் தூக்கிக்கினு எறங்குனாத்தான் ரோட்டுக்கு வர முடியும். சத்தத்த ஏன்யா நிறுத்துன? இத்த இனிமே யாரு வாங்குவா?"

வெட்கமாக இருந்தது. அன்றைக்கே பட்டறைக்குப் போய்ப் பெரிய குழாயை மறுபடி போடச் சொல்லிக் கெஞ்சினேன். மலைக்காரர்களை நினைத்துத்தான் போட்டீர்களா என்று கேட்டேன்.

"அத்தெல்லாம் எனக்கு இன்னா தெரியும்? வண்டி மூச்சு வுடணும், அவ்ளோதான்" என்று என் புதுச் சட்டையில் கையைப் பதித்தார்.

அவர் போய்ச் சேர்ந்து வருஷங்களாகிவிட்டன. என் கார் இப்போது சத்தமே போடுவதில்லை. யாரும் பார்க்காதபோது குனிந்து புகைக்குழாயில் உள்ளங்கையை வைத்துப் பார்க்கிறேன். கரியே ஒட்டுவதில்லை. இத்தனை சீக்கிரம் போயிருக்க வேண்டாம் அந்த மனிதர்.