சாவி போடாமல் ஓடிய இன்ஜின்

சாவி ஃபிட்டரின் சட்டைப் பையில் இருந்தது. வண்டி முந்தின நாளிலிருந்து ஷெட்டை விட்டு நகரவில்லை. ஆனால் அவர் செய்து பொருத்திய மீட்டர், இன்ஜின் நிமிஷத்துக்கு எண்ணூறு சுற்று சுற்றிக்கொண்டிருப்பதாகச் சொன்னது.

கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். எண்ணூற்றுப் பத்து. பக்கத்துக் கட்டத்தில் இன்ஜின் சூடு எண்பத்தெட்டு. இறங்கிப் போய் பானெட்டைத் தூக்கி இன்ஜின்மேல் உள்ளங்கையை வைத்தார். கல் மாதிரிக் குளிர்ந்து கிடந்தது.

"ஏம்மா, இங்க கொஞ்சம் வந்துட்டுப் போ."

மனைவி ஈரக் கையோடு வந்தாள்.

"இன்ஜின் ஓடுதா பாரு."

"இல்லையே."

"இதுல ஓடுதுன்னு இருக்கு."

"நீங்க செஞ்சதுதானே. கொஞ்சம் முன்னபின்னதான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

பத்து நிமிஷத்தில் எண்கள் தாமாகவே அணைந்தன. அப்போது சாயங்காலம் மணி ஆறு பத்து.

ஃபிட்டர் ஆலையில் முப்பது வருஷம் நட்டும் போல்ட்டும் திருகிய மனுஷர். பழைய காரில் முள் மீட்டர்கள் ஒவ்வொன்றாகக் கண்ணை மூடியதும், அத்தனையையும் கழற்றி எறிந்துவிட்டு, அந்த இடத்தில் நீளமாக ஒரு ஸ்க்ரீனை வைத்துவிட்டார். வேகம், சுற்று, சூடு, ஆயில், பெட்ரோல் எல்லாம் எண்ணாகவே தெரியும். பானெட்டுக்கு அடியில் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய பெட்டி ஒன்று இன்ஜினின் நாடி பார்த்து, கம்பியில்லாமல் காற்று வழியாகவே ஸ்க்ரீனுக்குச் சேதி அனுப்பும்.

இந்த வித்தையை முதலில் செய்தது தம்பியின் காருக்கு. அண்ணனும் தம்பியும் ஒரே நாளில் வாங்கிய ஒரே மாதிரிக் கார்கள். மூளை தம்பியுடையது, கை அண்ணனுடையது. புரோகிராமைத் தம்பி எழுதினான். வயர்களைப் பற்றவைத்ததும் பொருத்தியதும் அண்ணன். ஊர்ப்பட்ட பேரிடம் காட்டிப் பெருமையடித்துக்கொண்டார்கள்.

அந்தப் பெருமை ரெண்டு மாசம் தாங்கியது. ஒரு காலையில் தம்பி தன் மகளைப் பரீட்சைக்கு அழைத்துப் போனான். மீட்டர் கால் டேங்க் பெட்ரோல் இருக்கிறது என்றது. வண்டியோ நடுப்பாலத்தில் நின்றுவிட்டது. அந்தப் பெண் ஓட்டமும் நடையுமாகப் போய், அழுத கண்ணோடு பாதிப் பரீட்சைதான் எழுதியது.

அன்றைக்கு அண்ணன் ஒரே ஒரு வார்த்தை வருத்தமாகச் சொல்லியிருந்தால் போதும். அவர் கேட்டது, "கால் டேங்க் காட்டினா கண்ண மூடிட்டு நம்பிடறதா?"

"உங்க மீட்டரும் உங்கள மாதிரிதான்ணே" என்றான் தம்பி. "தெரியாததையும் தெரிஞ்ச மாதிரி காட்டும்."

"உன் புரோகிராம்லதான் கோளாறு."

"உங்க கைலதான் கோளாறு."

எட்டு மாசமாகப் பேச்சில்லை. மனைவி ஆரம்பத்தில் தினமும், பிறகு வாரத்துக்கு ஒருமுறை, "ஒரு ஃபோன் பண்ணுங்களேன்" என்பாள். "நான் மூத்தவன். அவன் படியேறி வரட்டும்" என்பார்.

தன் மீட்டர் தப்பே செய்யாது என்று நிரூபிக்கத்தான் தன் காருக்கும் அதையே செய்ய உட்கார்ந்தார். புரோகிராம் எழுதத் தெரியாது. அதனால் தம்பி எழுதியதையே ஒரு எழுத்து மாறாமல் ஏற்றினார். கோளாறு என்று அவர் ஊரெல்லாம் சொன்ன அதே புரோகிராம்.

எண்ணூறு வருவதற்கு முந்தின நாள்தான் உண்மை முகத்தில் அடித்தது. டேங்க்கைக் காலி செய்துவிட்டு, கேனில் அளந்து கால் டேங்க் ஊற்றி, இதுதான் கால் என்று மீட்டருக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். பிறகு ஷெட்டைக் கழுவ வண்டியைத் தெருவுக்குத் தள்ளினார். கால் டேங்க் அரை டேங்க் ஆனது. ஷெட்டுக்குள் தள்ளினார். மறுபடி கால்.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஷெட்டின் தரை சரிவு. தண்ணீர் வெளியே ஓட வேண்டும் என்று அவரே கரண்டி பிடித்துப் பூசிய சரிவு. வண்டி சாய்ந்து நின்றால் பெட்ரோலும் ஒரு பக்கம் ஒதுங்கும். தம்பியின் வண்டிக்கு அளவு வைத்ததும் இதே தரையில்தான்.

"தப்பு என்னுது" என்றார் மனைவியிடம்.

அவள் கையிலிருந்த துணியைக் கீழே போட்டாள். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் அவள் கேட்டிராத வார்த்தை. "இப்பவே ஃபோன் பண்ணிச் சொல்லிடுங்க."

"ஃபோன்ல சொல்ற விஷயமா இது? மீட்டரச் சரியா முடிச்சு, வண்டிய அவன் வாசல்ல கொண்டுபோய் நிறுத்தி, பாருடா, இப்படித்தான் தப்பாச்சுன்னு காட்டிச் சொல்லணும்."

"வாயால சொன்னா போதாதா?"

"நாலே நாளு வேலை. ஞாயித்துக்கிழமை போயிடலாம்."

அந்த நாலு நாள் வேலையில்தான் இந்த எண்ணூறு வந்து விழுந்தது. இன்ஜின் ஓடாமலே ஓடுகிறது என்று காட்டும் மீட்டரை எடுத்துக்கொண்டு தம்பி வாசலுக்குப் போனால், அவன் மன்னிப்பதற்கு முன்னால் சிரித்துவிடுவான்.

முதலில் வயர்களைச் சந்தேகப்பட்டார். எர்த் வயரை இடம் மாற்றினார். பிரேக்கை மிதித்தால் ஹாரன் அடித்தது. அதைச் சரி செய்தார். ஹாரனை அழுத்தினால் வைப்பர் ஆடியது. மறுநாள் ஆறு மணிக்கு எண்ணூறு மட்டும் குறையில்லாமல் வந்தது. கூடவே பெட்ரோல் முழு டேங்க் என்றது.

"நான் ஊத்தினது காலுதான்" என்றார் ஃபிட்டர்.

"குட்டி போட்டிருக்கும்" என்றாள் மனைவி. "வண்டி ஓட ஓட பெட்ரோல் ஏறுதுன்னா, அத எதுக்குங்க சரி பண்றீங்க? விட்டுடுங்க."

அடுத்த நாள் காரின் பேட்டரியையே கழற்றி மூலையில் வைத்தார். ஸ்க்ரீனுக்கு மட்டும் ஒரு பழைய பைக் பேட்டரியிலிருந்து வயர் கொடுத்து, அந்தப் பேட்டரியைக் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆறு மணி. எண்ணூற்று ஐந்து. சூடு தொண்ணூறு. முழு டேங்க்.

மனைவி எட்டிப் பார்த்தாள். "பேட்டரி இல்லாம, பெட்ரோல் இல்லாம, சாவி இல்லாம ஓடுது. நீங்க எதையோ கண்டுபிடிச்சிட்டீங்க. என்னன்னுதான் தெரியலை."

ஞாயிற்றுக்கிழமை போக முடியவில்லை. ஆனால் அன்றைக்கு ஆறு மணிக்கு எண்ணூறும் வரவில்லை. ஃபிட்டர் நெற்றியைத் தட்டிக்கொண்டார். பக்கத்துப் பட்டறைக்கு ஞாயிறு லீவு. மற்ற நாளெல்லாம் அதன் கம்ப்ரசர், தெருவில் யானை பிளிறினாலும் கேட்காதபடி கத்திக்கொண்டிருக்கும்.

திங்கள் காலை பட்டறைக்காரரிடம் போய் நின்றார். "உங்க கம்ப்ரசர் என் மீட்டரக் கெடுக்குது. சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு பத்து நிமிஷம் நிறுத்தி வைங்க."

"ஃபிட்டரே, உங்க வண்டி நின்னுக்கிட்டே ஓடுதுன்னு என் வேலைய நிறுத்தச் சொல்றீங்களே, இது எந்த ஊரு நியாயம்? முதல்ல என்கிட்ட வாங்கிட்டுப் போன ட்ரில்லிங் மிஷினக் கொடுங்க."

ட்ரில்லிங் மிஷின் போனது. பத்து வருஷப் பழக்கமும் கூடவே போனது.

ஃபிட்டர் சளைக்கவில்லை. கம்ப்ரசரின் தொல்லை உள்ளே வரக்கூடாதென்று பேட்டரியைத் திரும்ப மாட்டி, பானெட்டுக்கு அடியிலிருந்த பெட்டியை அலுமினியத் தாளில் ஏழு சுற்றுச் சுற்றினார். பெட்டியின் சேதி அந்தத் தாளுக்குள்ளேயே சிறைப்பட்டுப் போனது. இப்போது சாவி போட்டு இன்ஜினை ஓட்டினால் ஸ்க்ரீனில் ஒன்றுமில்லை, எல்லாம் பூஜ்யம். இன்ஜினை அணைத்துவிட்டு ஆறு மணி வரை காத்திருந்தால் எண்ணூறு, தொண்ணூறு, முழு டேங்க் என்று ஜம்மென்று வந்தது.

"ஓடும்போது செத்துப் போகுது, நிக்கும்போது உயிர் வருது" என்றார் அவர், நொந்துபோய்.

"சில மனுஷங்களும் அப்படித்தான்" என்றாள் மனைவி. "பேச வேண்டிய நேரத்துல பேச மாட்டாங்க."

ஃபோன் மேஜைமேல்தான் இருந்தது. ஒருமுறை எடுத்தார்கூட. தம்பியின் எண் வரைக்கும் போனார். பிறகு, மீட்டர் முடியட்டும் என்று கவிழ்த்து வைத்துவிட்டார்.

புதன்கிழமை ஸ்க்ரீனைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு ரேடியோ கடைக்காரரிடம் போனார். கடையில் நாலு பேர் காத்திருந்தார்கள். கடைக்காரர் ஒரு காதால்தான் கேட்டார்.

"இது காத்துல வர்ற சமாச்சாரம்ணே. உங்க வண்டில ஒரு கோளாறும் இல்லை. வெளிய ஏதோ வண்டி வந்து நிக்குது, அதத்தான் பிடிக்குது. உங்க ஷெட்டு தெருச் சுவர ஒட்டியா?"

"சுவரே அதுதான்."

"அங்க யாரும் வண்டி நிறுத்துவாங்களா?"

"பட்டறைக்கு வர்றவன் போறவனெல்லாம் நிறுத்துவான்."

"நிறுத்த விடாதீங்க. சரியாப் போயிடும்."

இவ்வளவுதானா என்றிருந்தது ஃபிட்டருக்கு. வீட்டுக்கு வந்து தாளைப் பிரித்து எறிந்தார். ஒரு தகரத்துண்டும் கறுப்பு பெயிண்ட்டும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"சாயங்காலம் வெளிய போய் யாருன்னு பாத்து, ஒரு வார்த்தை சொன்னா ஆகாதா?" என்றாள் மனைவி.

"ஒருத்தனுக்குச் சொன்னா இன்னொருத்தன் வந்து நிப்பான். எழுதிப் போட்டா எல்லாருக்கும் சொன்ன மாதிரி."

எழுதுவது அவருக்குச் சுமை தூக்குவதைவிடக் கஷ்டம். எழுத்துப் பழகியதே நாற்பது வயதில், ஆலையில் கைநாட்டு கூடாது என்று சொன்ன பிறகு. கையெழுத்துக்கு மேல் எது எழுத வேண்டி வந்தாலும் தம்பியைத்தான் கூப்பிடுவார். இப்போது நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு, முழங்காலால் தகரத்தை அமுக்கிக்கொண்டு, ரெண்டு மணி நேரம் எழுதினார். ஒவ்வொரு எழுத்தும் ஒவ்வொரு திசையைப் பார்த்தது. ஆனால் படிக்க முடிந்தது.

'இங்கே வண்டியை நிறுத்தாதே. மீறினால் மரியாதை கெடும்.'

"யாரு மரியாதை?" என்று கேட்டாள் மனைவி.

"புரியறவனுக்குப் புரியும்."

வியாழன் காலை சுவரில் ஆணியடித்து மாட்டினார். அன்று மாலை ஆறுக்கு எண்ணூறு வந்தது. ஒரு நிமிஷம் நின்றது, ரெண்டாவது நிமிஷம் ஆயிரத்து ஐந்நூறாக ஏறியது, அப்படியே மறைந்தது. வெள்ளிக்கிழமை வரவே இல்லை. சனிக்கிழமையும் இல்லை. சாவி போட்டால் எண்கள் வந்தன, எடுத்தால் போயின. அவ்வளவு ஒழுங்கான மீட்டரை அவர் கண்டதில்லை.

சனிக்கிழமை ஆறு மணிக்கு, வெறும் பூஜ்யங்களைப் பார்த்துக்கொண்டு ஷெட்டில் உட்கார்ந்திருந்தபோது ஏனோ கொஞ்சம் வெறுமையாக இருந்தது. தினமும் வந்துகொண்டிருந்த ஏதோ ஒன்று நின்றுபோன மாதிரி. அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சமதரையில் வண்டியை நிறுத்தி, பெட்ரோலை மறுபடி அளந்து, கணக்கைத் திருத்தினார்.

ஞாயிறு காலை சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வண்டியில் ஏறினார். மனைவி பக்கத்தில். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி பாடம் ஒப்பித்தார். "தரை சரிவுடா. உன் புரோகிராம்ல ஒரு குத்தமும் இல்லை. தப்பு என்னுது. பொண்ணக் கூப்பிடு, அதுகிட்டயும் சொல்லணும்."

"நல்லா இருக்கு" என்றாள் மனைவி. "அங்க போய் மீட்டரப் பத்தி முதல்ல ஆரம்பிக்காதீங்க."

வண்டி கேட்டைத் தாண்டித் தெருவுக்கு வந்தது. எதிர்வீட்டுத் தையல்கார அம்மா வழக்கம்போல வாசலில் மிஷினைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். தெருவில் அவள் பார்க்காத ஈ காக்கை இல்லை.

"என்னண்ணே, ரெண்டு பேரும் ஜோரா கிளம்பிட்டீங்க?"

"தம்பி வீட்டுக்கும்மா."

மிஷின் நின்றது. "அப்ப ராசியாயிட்டீங்களா? நல்லதாப் போச்சு. எனக்கு மனசே சரியில்லைண்ணே. அவரு மூணு வாரமா வேலை முடிஞ்சு தினம் ஆறு மணிக்கு வந்து, உங்க சுவர ஒட்டி வண்டிய நிறுத்துவாரு. இன்ஜின அணைக்காமலே பத்து நிமிஷம் உக்காந்திருப்பாரு. 'உள்ள போங்களேன் தம்பி'ன்னா, 'அண்ணன் ஷெட்டுலதான்க்கா இருக்காரு, நாளைக்குப் போறேன்'பாரு."

ஃபிட்டரின் கால் பிரேக்கை மிதித்தது. ஸ்க்ரீனில் எண்ணூறு. மனைவி அதைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"வியாழக்கிழமை?" என்று கேட்டார்.

"வந்தாரேண்ணே. இறங்கி வந்து அந்தத் தகரத்த ஒவ்வொரு எழுத்தாத் தடவித் தடவிப் படிச்சாரு. 'அது பட்டறை வண்டிங்களுக்குப் போட்டது தம்பி'ன்னு நானும் சொன்னேன். 'எங்கண்ணன் கையெழுத்துக்கு மேல ஒரு வார்த்தை எழுதி நான் பாத்ததில்லைக்கா, இவ்வளவு கஷ்டப்பட்டு எழுதியிருக்காருன்னா அது எனக்குத்தான்'னு சொல்லிட்டுப் போயிட்டாரு."