மாமனாரின் பீச் வண்டிக்கு நான் பார்த்த ஹெட் வேலை

மாமனாரிடம் நல்ல பேர் வாங்கத் துடிக்கும் மாப்பிள்ளையைப் போல ஆபத்தான ஆள் ஊரில் வேறு யாரும் இல்லை. நான் ஒரு வருஷம் அப்படித் துடித்தேன். அதில் ஒரு எஞ்சினும், ஒரு வலையும், என் சின்ன மாமியார் காயவைத்திருந்த நெத்திலியும் போயின. உயிர்ச்சேதம் இல்லை. அதை நினைத்தால் இப்போதும் ஒரு நிம்மதிப் பெருமூச்சு வருகிறது.

எங்களுடையது காதல் கல்யாணம். நான் வியாசர்பாடி ஹவுசிங் போர்டு வீடுகளில் வளர்ந்தவன். எண்ணூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் கேட் பாஸ் போடும் வேலை. தேவகி எர்ணாவூர் கடலோரக் குப்பத்துப் பெண். அவளுடைய அப்பா ஃபைபர் போட்டில் கடலுக்குப் போகிறவர். கல்யாணத்துக்கு ஒருவழியாகச் சம்மதித்தார், ஆனால் என்னோடு பேசச் சம்மதிக்கவில்லை. நான் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே மகளிடம், "அவருக்குக் கொயம்பு வேணுமா கேளு" என்பார். (நான் வேணும் என்பதையும் தேவகிதான் அவருக்குச் சொல்ல வேண்டும்.) அவருக்கு நான் மாப்பிள்ளை ஆகவே இல்லை, வெறும் 'அவரு'.

அவரிடம் ஒரு ஏடிவி இருந்தது. பீச் ரிசார்ட்டுகளில் குழந்தைகளை ஏற்றிச் சுற்றுவார்களே, குண்டு டயர் வைத்த நாலு சக்கர பைக், அதுதான். மூடிப்போன ஒரு ரிசார்ட்டிலிருந்து சல்லிசாக வாங்கி, கரைக்கு வரும் போட்டை மணலில் மேலே இழுக்கப் பழக்கியிருந்தார். போட்டுக்கு அடியில் கட்டைகளைப் போட்டு ஆட்கள் பின்னாலிருந்து தள்ள, வண்டி முன்னால் கயிற்றை இழுத்துக்கொண்டு போகும். எருமை மாதிரி மெதுவாகத்தான் போகும், ஆனால் போகும்.

ஒரு நாள் அவர் தன் தோஸ்திடம், வண்டி கொஞ்சம் மெதுவாகத்தான் போகிறது என்று சொன்னது என் காதில் விழுந்தது. விழுந்திருக்கக் கூடாது. உடனே செல்போனில் வீடியோ பார்க்க ஆரம்பித்தேன். எந்த எஞ்சினுக்கும் உயிர் அதன் சிலிண்டர் ஹெட்டில்தான் இருக்கிறதாம். காற்று உள்ளே போய்ப் புகை வெளியே வரும் வழியைக் குடைந்து பெரிசாக்கினால் வண்டி பறக்குமாம். வண்டி பறப்பதைவிட, மாமனார் என் தோளில் கை போட்டு நடப்பதுதான் என் கண்முன் வந்தது. தேவகி மூலமாக அனுமதி கேட்டேன். அவர் ஏதோ சர்வீஸ் என்று நினைத்து, செய்யட்டும் என்று அவள் வழியாகவே பதில் அனுப்பினார்.

டோல்கேட் பக்கம் ஒரு சந்தில் பாபு என்று ஒரு மெக்கானிக். பையன்களின் பைக்கை எல்லாம் ரேஸ் வண்டியாக்கி, அவர்களுடைய அம்மாக்களின் சாபத்தை வாங்கிக்கொண்டிருந்தவர். வண்டியை எங்கே ஓட்டப் போகிறாய் என்று கேட்டார். போட்டு இழுக்க என்று சொல்ல வெட்கமாக இருந்தது. வாரா வாரம் ரேஸ் ஓட்டுகிறவன் மாதிரி தோரணையாக, பீச்சில்தான் என்றேன். எல்லாம் கெட்டது இந்த ஒரு பதிலில்தான்.

ஹெட்டைக் குடைய முதலில் அவர் சொன்ன தொகை என் போனசில் பாதி. சரி என்றேன். வழி பெரிசானால் வால்வும் பெரிசாக வேண்டும் என்றார். பெரிய வால்வுக்குப் பழைய ஸ்பிரிங் தாங்காது என்றார். ஹெட்டின் அடியை லேத்தில் சீவினால் அழுத்தம் கூடும், அதற்கு ஏற்ற பிஸ்டன் வேண்டும். புது பிஸ்டனுக்குப் பழைய கார்புரேட்டர் போதவில்லை. பட்டுப்புடவை எடுத்த வீட்டில் அதற்கு மேட்ச்சாக வளையல், செருப்பு, ஹேண்ட்பேக் என்று போய்க்கொண்டே இருக்குமே, அப்படிப் போனது. ஒவ்வொரு தடவையும் பாபு, "இத்தோட முடிஞ்சிச்சு மாமு" என்பார். நிஜமாகவே முடிந்தபோது, மாமனார் வண்டியை வாங்கிய விலையில் முக்கால்வாசியை ஹெட்டே விழுங்கியிருந்தது. தேவகியிடம், ஆயில் மாற்றினோம், கொஞ்சம் செலவாயிற்று என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை. மாமியார் வண்டிக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, நாலு டயருக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்தார். கடலிலிருந்து வந்த போட்டு கரையேறக் காத்திருந்தது. கயிறு கட்டியாயிற்று. நானே ஓட்டுகிறேன் என்று ஏறி உட்கார்ந்தேன். மாமனார் போட்டின் பக்கத்தில் நின்றுகொண்டு, மெதுவாக எடுக்கச் சொல் என்று மகளிடம் சொன்னார்.

மெதுவாகத்தான் எடுத்தேன். எலுமிச்சம்பழம் நசுங்கியது, எஞ்சின் நின்றது. மறுபடி எடுத்தேன், மறுபடியும் நின்றது. பாபு தன் வேலையில் குறை வைக்கவில்லை. வேகமாகப் போகும்போது சக்தி பொங்கும்படி செய்திருந்தார். அதற்குப் பதிலாக, மெதுவாக இழுக்கும் சக்தி மொத்தமும் போய்விட்டிருந்தது. (இது பிற்பாடுதான் புரிந்தது. அப்போது புரிந்ததெல்லாம், குப்பமே சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்கிறது என்பதுதான்.) எனக்கு ரோஷம் வந்து ஆக்சிலேட்டரை முழுசாக அமுக்கினேன்.

வண்டி அலறியது. முன் சக்கரம் இரண்டும் மேலே தூக்கின. கயிறு பட்டென்று அறுந்தது. அந்த வண்டியில் ஆக்சிலேட்டர் கட்டைவிரலால் அமுக்குவது. பயத்தில் கை இறுகினால் வேகம் கூடும், வேகம் கூடினால் கை இன்னும் இறுகும். சின்ன மாமியாரின் நெத்திலிக்கு நடுவே ஒரு ரோடு போட்டுவிட்டு, யாருடையது என்றுகூடப் பார்க்காமல் ஒரு வலைக்குள் (மாமனாருடையதுதான்) புகுந்து, அது சக்கரத்தில் சுற்றி இறுக்கிய பிறகுதான் நின்றேன். எஞ்சினிலிருந்து குபுகுபுவென்று புகை வந்தது.

திரும்பிப் பார்த்தேன். போட்டு இருந்தது. பக்கத்தில் நின்ற மாமனாரைக் காணவில்லை.

அறுந்த கயிறு ஆளை என்ன செய்யும் என்று யார்டில் பார்த்திருக்கிறேன். தேவகியை அப்பா இல்லாதவளாக ஆக்கிவிட்டேன் என்றே நினைத்தேன். நல்ல பேராவது, ஹெட்டாவது, எதுவும் அப்போது மனசில் இல்லை. "மாமா, மாமா" என்று கத்திக்கொண்டு, மணலில் விழுந்து எழுந்து ஓடினேன்.

போட்டின் மறுபக்கத்திலிருந்து, லுங்கியில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டு அவர் எழுந்தார். கயிறு முறுகும் சத்தத்திலேயே அறுந்துவிடும் என்று தெரிந்து படுத்துக்கொண்டாராம். என் முகத்தில் என்ன தெரிந்ததோ, மகளைத் தேடாமல் நேராக என்னைப் பார்த்துக் கேட்டார்.

"அடி கிடி பட்டுச்சா மாப்ள?"

நான் அழுதுவிட்டேன். (கண்ணில் மண் போனதால் என்று இன்றும் சொல்லிக்கொள்கிறேன்.) என் சட்டையில் ஒட்டியிருந்த நெத்திலியை அவரே எடுத்துப் போட்டார். பிறகு, "ஓடிகினு தான இருந்துச்சு? அத்த இன்னாத்துக்கு நைனா நோண்டின?" என்றார். நான் சக்கரத்தில் சுற்றிய வலையைப் பிரிக்க உட்கார்ந்தேன்.

குடைந்த ஹெட்டைத் திரும்ப அடைக்க முடியாது. புதுப்பேட்டையில் தேடிப் பழைய ஹெட் ஒன்று வாங்கி, வண்டியை மறுபடியும் எருமையாக்கினோம். சக்தியைக் கூட்ட ஒரு செலவு, குறைக்க இன்னொரு செலவு. வலைக்கும் நெத்திலிக்கும் தனி. இந்தத் தடவை மாமனாரும் என்னோடு டோல்கேட்டுக்கு வந்தார். எங்கே ஓட்டப் போகிறீர்கள் என்று பாபு கேட்டதும் என்னை முந்திக்கொண்டு, போட்டு இழுக்க என்று அவரே பதில் சொன்னார்.

அன்றிலிருந்து வீட்டில் நான் எதையாவது சரிசெய்கிறேன் என்று வாயைத் திறந்தால் போதும், ஆளுக்கொரு பக்கம் நெத்திலியைப் பத்திரமாக எடுத்து வைக்கச் சொல்லிச் சிரிப்பார்கள். அதெல்லாம் ஆகிப் பல வருஷம். போன மாதம் எங்கள் மகளின் பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டு, மார்க் சுமார்தான், ஸ்பெஷல் கோச்சிங்கில் போட்டால் எங்கேயோ போய்விடுவாள் என்றார்கள். அதற்கு ஒரு ஃபீஸ், அதற்கேற்ற புத்தகம், அதற்கேற்ற டேப்லெட் என்று அவர்கள் சொல்லச் சொல்ல எனக்குப் பாபு ஞாபகம் வந்தது. இருந்தாலும் ஆசை யாரை விட்டது? வீட்டில் வந்து சொன்னேன். மாமனார் பேத்தியைக் கிட்டே கூப்பிட்டு உட்காரவைத்து, பள்ளிக்கூடத்தில் யாரோடு சண்டை, யாரோடு சிநேகம் என்று ஊர்க்கதை எல்லாம் கேட்டார். அவள் கைகால் ஆட்டிச் சொல்லி முடித்ததும் என் பக்கம் திரும்பினார்.

"கொயந்த நல்லாத்தான் ஓடிகினு கீது. நோண்டாத மாப்ள."