முதலாளி லேப்டாப் பார்க்கிறார்

முதலாளி உள்ளே நுழைந்ததைப் பார்த்ததும் கம்ப்யூட்டர் கடைக்காரர் எதுவும் கேட்காமல் நாற்காலியை இழுத்துப் போட்டார். முதலாளியின் கக்கத்தில் இருந்தது நேற்று இதே கடையிலிருந்து போன பெட்டி.

"இதுவும் ஆகலையா சார்?"

"மெஷினை ஒரு குறை சொல்றதுக்கில்ல. கண்ணாடி மாதிரி இருக்கு. ஆனா பில் பிரிண்டரோட ஒயரைச் சொருக ஓட்டை இல்ல."

"அதுக்குத்தான் ஒரு சின்ன இணைப்பு குடுத்தேனே."

"குடுத்தீங்க. அதைச் சொருகினா சார்ஜருக்கு இடம் இல்ல. பில் போடணும்னா சார்ஜை நிறுத்தணும், சார்ஜ் ஏத்தணும்னா பில்லை நிறுத்தணும். ஜலதோஷம் பிடிச்ச மூக்கு மாதிரி ஒரு பக்கம்தான் வேலை செய்யுதுங்கறா என் மச்சினி."

கடைக்காரர் பெட்டியை வாங்கி வைத்துக்கொண்டார். தொழிலுக்கு வாங்குகிறவர்கள் எடுத்துப்போய்ப் பார்த்துவிட்டு மாற்றிக்கொள்ளலாம் என்று வாசலில் எழுதி ஒட்டியவர் அவரேதான். எழுதியபோது இப்படி ஒருத்தர் வந்து படிப்பார் என்று அவருக்குத் தோன்றவில்லை.

முதலாளிக்கு வீடு மாற்றிக் கொடுக்கும் தொழில். இரண்டு வேன், ஒரு குடோன், சாமான் தூக்க ஆட்கள், அவர்களுக்கு மூத்தவராக ஒரு டிரைவர், குடோன் மூலையில் மேஜை போட்டுக் கணக்குப் பார்க்க மனைவியின் தங்கை. இத்தனை பேர் இருந்தும், வேலையை அவர்கள் தலையில் கட்டிவிட்டு அவர் ஒருநாளும் சும்மா உட்கார்ந்ததில்லை. ஒரு பீரோ படி இறங்குகிறது என்றால் அது அவருடைய குரலைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கும். "இடது, இடது. என் இடது இல்லப்பா, உன் இடது" என்று கீழ்ப்படியில் நின்று அவர் சொல்லாவிட்டால் பீரோவுக்கு வழி தெரியாது என்பது அவர் நம்பிக்கை. கட்டிய கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டச் சொல்வார். கண்ணாடிச் சாமானைப் பெட்டியில் வைத்து டேப் ஒட்டிய பிறகு, பிரித்து ஒருமுறை பார்த்தால்தான் மனசு ஆறும்.

அப்படிப்பட்டவரைப் பழைய லேப்டாப் கவிழ்த்துவிட்டது. ஒரு விலாசத்தை அடித்துக்கொண்டிருக்கும்போதே திரை கறுத்தது. அதன் பிறகு தட்டியும் பார்த்தார், தடவியும் பார்த்தார். அது கண்ணைத் திறக்கவில்லை.

"புதுசுதான் வாங்கணும் மாமா," என்றாள் மச்சினி. "நீங்களே பாத்து வாங்கிடுங்க. எங்களுக்கு இதெல்லாம் என்ன தெரியும்?"

"ஆமா முதலாளி," என்றார் டிரைவர். "சாயங்கால லோடை நாங்க பாத்துக்கறோம். இதுக்கு நீங்க போனாத்தான் ஆகும்."

ஒரு சாயங்கால வேலை என்றுதான் கிளம்பினார். அது முதலில் வாங்கித் திருப்பிக் கொடுத்த ஒரு வெள்ளி நிற மெஷினில் ஆரம்பித்து, இப்போது இந்த நாற்காலியில் கொண்டுவந்து விட்டிருந்தது.

"சார், நீங்க மெஷினைப் பாக்கறீங்க. முதல்ல ஓஎஸ்ஸைப் பாக்கணும்," என்றார் கடைக்காரர். "அது வண்டிக்கு டிரைவர் மாதிரி. வண்டி எவ்வளவு நல்லா இருந்தாலும் ஓட்டற ஆள் சரியா அமையணும்."

"அப்ப நல்ல டிரைவரா பாத்துக் குடுங்க."

கடைக்காரர் கொடுத்தது எல்லாவற்றையும் இன்டர்நெட்டிலேயே வைத்துக்கொள்ளும் மெஷின். அது தொலைந்தாலும் கணக்கு தொலையாது என்றார். உண்மைதான். ஆனால் குடோனுக்குத் தகரக் கூரை. சிக்னல் ஷட்டருக்கு வெளியேதான் நின்றது, அழைக்காத விருந்தாளி மாதிரி உள்ளே வரத் தயங்கியது. முதலாளி சளைக்கவில்லை. கணக்கு மேஜையை வாசலுக்கு நகர்த்தினார். பில்கள் காற்றில் பறந்தன. ஒவ்வொரு தடவை வேன் பின்னால் வரும்போதும் மச்சினி லேப்டாப்போடு எழுந்து ஒதுங்க வேண்டியிருந்தது.

"நான் கணக்கு எழுதறேனா, கேட்டுல நின்னு டிக்கெட் கிழிக்கறேனா மாமா?"

முதலாளி ஏணியில் ஏறி, சிக்னல் பிடிக்கும் பெட்டி ஒன்றை உத்திரத்தில் கட்டினார். ஏணி உச்சியில் நின்றால் சிக்னல் பிரமாதமாக இருந்தது. மச்சினி ஏணியை ஒரு பார்வை பார்த்தாள். அவர் இறங்கிவிட்டார்.

அன்றைக்கு மூன்றாவது மாடியிலிருந்து ஒரு மர அலமாரியை இறக்க வேண்டியிருந்தது. முதலாளிக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"நானும் வந்துடறேன். அது திரும்பற இடம் ரொம்பக் குறுகல்."

"நீங்க எதுக்கு அலையணும் முதலாளி?" என்றார் டிரைவர். "அலமாரி கொஞ்சம் கோணினா நேராக்கிடலாம். கணக்கு கோணினா நேராகுமா? நீங்க மெஷினைப் பாருங்க."

தொழில்மேல் இந்த மனுஷனுக்கு இருக்கும் அக்கறையை நினைத்து முதலாளி அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனார்.

"வேற டிரைவரைப் போடுங்க," என்றார்.

"இலவசமாவே ஒண்ணு இருக்கு. லினக்ஸ். வைரஸ் தொல்லை கம்மி, ஆயுசுக்கும் காசு கேக்காது."

சம்பளம் கேட்காத டிரைவரை வேண்டாம் என்று சொல்ல எந்த முதலாளிக்கு மனசு வரும்? வாங்கிக்கொண்டு வந்தார். அது ஒழுங்காகத்தான் ஓடியது. ஆனால் எந்த வீட்டுச் சாமான் வேனில் எவ்வளவு இடம் பிடிக்கும் என்று கணக்குப் போட்டுச் சொல்லும் பழைய சாஃப்ட்வேர் ஒன்று அவர்களிடம் இருந்தது. அது விண்டோஸ் தவிர வேறெதிலும் கால் வைக்காது. முதலாளி அதை உள்ளே கொண்டுவர, கறுப்புத் திரையில் என்னென்னவோ கட்டளைகளைத் தட்டினார். முடிவில் சாஃப்ட்வேர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இருந்த தமிழ் எழுத்துகளும் காணாமல் போயின.

"மாமா, கஸ்டமர் பேரெல்லாம் கட்டம் கட்டமா வருது. எது யாருன்னே தெரியல. வெறும் பெட்டி பெட்டியா அடுக்கியிருக்கு."

"நம்ம தொழிலே அதுதானேம்மா," என்று சொல்லிப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை.

கடைக்காரர் இந்தத் தடவை நாற்காலியோடு டீயும் கொடுத்தார். ஒரே மெஷினில் இரண்டு ஓஎஸ்ஸையும் போட்டுவிடலாம், வேண்டியதைத் திறந்துகொள்ளலாம் என்றார். இதைவிட நியாயமான தீர்ப்பு உலகத்தில் இருக்க முடியாது என்று முதலாளிக்குப் பட்டது. அன்று அதை வீட்டுக்கே கொண்டுபோய்ச் சாப்பாட்டு மேஜையில் வைத்துத் திறந்தார்.

"அது என்ன கேக்குது?" என்றாள் மனைவி.

"உள்ள ரெண்டு பேர் இருக்காங்க. யாரைக் கூப்பிடட்டும்னு கேக்குது."

"ரெண்டு பேர் எதுக்கு?"

"ஒருத்தர் பில்லுக்கு, ஒருத்தர் லோடு கணக்குக்கு. ஒருத்தர் முழிச்சிருக்கறப்போ இன்னொருத்தர் தூங்குவார்."

"நடுவுல யாராவது போன் பண்ணிக் கேட்டா?"

அதை அவர் யோசித்திருக்கவில்லை. மறுநாளே தெரிந்துவிட்டது. காலையில் போக வேண்டிய வீட்டின் விலாசம் ஒருவரிடம் இருந்தது. மச்சினி திறந்தது மற்றவரை. அங்கே அந்த நாளில் ஒன்றுமே இல்லை. முதலாளி பதறி அடித்துக்கொண்டு குடோனுக்கு ஓடிவந்தபோது வேன் இரண்டும் கிளம்பிப் போயிருந்தன. டிரைவருக்குப் போன் போட்டார்.

"எங்கப்பா இருக்கீங்க?"

"பாதிச் சாமான் ஏத்தியாச்சு முதலாளி."

"விலாசமே மெஷின்ல இல்லையே, எப்படிப் போனீங்க?"

"போன்ல கேட்டுக்கிட்டோம்."

"கேட்டுக்கிட்டீங்களா? அப்ப மெஷின் எதுக்கு?"

"ஒரு தடவை கேக்கலாம் முதலாளி," என்றார் டிரைவர். "தினமுமா கேக்க முடியும்? நல்ல மெஷினா ஒண்ணு வந்தாத்தான் விடிவு. நிதானமாப் பாருங்க. அவசரமே இல்ல."

நிதானமாகப் பார்த்துப் பார்த்து முதலாளி இளைத்துவிட்டார். கனவில் பீரோக்கள் வந்து, "எங்களை எந்த ஓஎஸ்ஸில் இறக்கப் போகிறாய்?" என்று கேட்டன. மேஜையில் எது வைத்திருந்தாலும் அதன் பக்கவாட்டில் எத்தனை ஓட்டை இருக்கிறது என்று எண்ணினார். இந்தக் கூத்துக்கு நடுவே புது ஆர்டர்கள் மட்டும் குறையாமல் வந்துகொண்டிருந்தன. பள்ளிக்கூட லீவு சமயம், ஜனங்கள் வீடு மாறுகிறார்கள் என்று அவர் தமக்குத் தாமே சமாதானம் சொல்லிக்கொண்டார். தான் மட்டும் பழையபடி படிக்கட்டில் நிற்க முடிந்திருந்தால் இன்னும் எவ்வளவோ வந்திருக்குமே என்ற வருத்தம்தான் அவரை அரித்தது.

கடைசியில் ஒருநாள் கடைக்குப் போய் மேஜையில் இரண்டு கைகளையும் ஊன்றினார்.

"விண்டோஸ். பில் பிரிண்டருக்கு ஓட்டை, சார்ஜருக்குத் தனி ஓட்டை. பழைய சாஃப்ட்வேர் ஓடணும். தமிழ் தெரியணும். இன்டர்நெட் இல்லேன்னாலும் வேலை செய்யணும். உள்ள ஒரே ஒருத்தர்தான் இருக்கணும். இதெல்லாம் ஓடறதை இங்கேயே காட்டினாத்தான் எடுப்பேன்."

கடைக்காரர் காட்டினார். அவருக்கும் இது முடிந்தால் போதும் என்றிருந்தது.

குடோனில் மச்சினியும் டிரைவரும் பார்க்க, முதலாளி மெஷினைத் திறந்தார். பில் வந்தது. சார்ஜ் ஏறியது. சாஃப்ட்வேர் திறந்து, இன்னின்ன சாமானுக்கு இவ்வளவு இடம் என்று சொன்னது. வாடிக்கையாளர் பெயர்கள் தமிழில் பளிச்சென்று நின்றன. ஷட்டரை இறக்கிக்கூடப் பார்த்தார். மெஷின் பாட்டுக்கு ஓடியது.

"என்னம்மா, சரியா இருக்கா?"

மச்சினி டிரைவரைப் பார்த்தாள். டிரைவர் தரையைப் பார்த்தார்.

"இருக்கு மாமா," என்றாள். சந்தோஷமான குரலாக அது இல்லை. "கலர்தான் கொஞ்சம்..."

"கலருக்கு என்ன?"

"கறுப்பா இருக்கே. தூசி தெரியுமே."

"திரையும் பளபளன்னு இருக்கு முதலாளி," என்றார் டிரைவர் அவசரமாக. "வேன்ல வெயில் அடிச்சா ஒண்ணும் தெரியாது. வெயில்ல தெரியற மாதிரி ஒண்ணு இருக்காம். ஆனா அதுக்கு ஓஎஸ் வேறயாம்."

முதலாளி பெட்டியை மூடினார். ஒரு கூட்டம் முழுக்கத் தன் முடிவை நம்பிக் காத்திருக்கும்போது கலரைக்கூட விட்டுவிடக் கூடாதோ என்றும் தோன்றியது. இந்த மெஷினைத் தூக்கிக் குடோன் சுவரில் அடிக்கலாமா என்றும் தோன்றியது. "யோசிக்கறேன்," என்று மட்டும் சொன்னார். இரண்டு பேர் முகத்திலும் உயிர் வந்தது. மச்சினி வீட்டுக்குக் கிளம்பினாள். டிரைவர் வேனைத் துடைக்கப் போனார்.

மேஜைமேல் இருந்த ஆபீஸ் போன் அடித்தது. மச்சினி இல்லாததால் முதலாளியே எடுத்தார்.

"வீடு மாத்தித் தர்ற ஆபீஸா?" பெண் குரல். "கொஞ்ச நாள் முன்னாடி எங்க சாமானை ஏத்திக் கொண்டுபோனீங்க. மூணாவது மாடி, மர அலமாரி."

"ஏதாவது உடைஞ்சிருச்சாம்மா?"

"ஒரு கீறல்கூட இல்லைங்க. அஞ்சு வருஷத்துக்கு முன்னாடியும் உங்க ஆளுங்கதான் வந்தாங்க. அப்ப அதே அலமாரிக்கு ஒரு கால் போச்சு. இந்தத் தடவை சத்தமே இல்லாம பூ மாதிரி இறக்கினாங்க. என் அக்காவும் அடுத்த மாசம் வீடு மாறறா, உங்களைத்தான் கூப்பிடணும்னு சொல்லிட்டேன்."

அவர் முகம் மலர்ந்தது. இந்தச் சங்கடத்துக்கு நடுவிலும் தன் பேர் கெடவில்லை. "தாராளமா. தேதியைச் சொல்லுங்க, எழுதிக்கறேன்."

"சொல்றேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு கேட்டுக்கணும். அஞ்சு வருஷம் முன்னாடி படியில நின்னு இடது, வலதுன்னு கத்திக்கிட்டிருந்தாரே ஒருத்தர், அவர் எங்கன்னு உங்க டிரைவரைக் கேட்டேன். அவரை லேப்டாப் வாங்க அனுப்பி வச்சிருக்கோம்னு சொன்னார்," என்றாள் அந்த அம்மாள். "அடுத்த மாசத்துக்குள்ள அவர் வாங்கி முடிச்சிட மாட்டாரே?"