மொய்யாகப் போன மின்சாரம்

அன்று சிங்கவரம் மண்டபத்தில் இருந்தவர்கள்: நான், என் மனைவி செல்வி, அவளுடைய அண்ணன் கன்னியப்பன், காது குத்திக்கொண்டு அலறிய அவர் மகள், மொய் எழுதும் ஏழுமலை, அவர் கையில் ஒரு மைக், அந்த மைக்குக்குக் காது கொடுத்த சொந்தபந்தம் மொத்தமும்.

எனக்கு எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. பயம் மட்டும் மேற்படிப்பு படித்தது. செஞ்சியில் மாவு மில் வைத்திருக்கிறேன். மில் கூரையில் சோலார் போட்டதும் ஒரு கம்பெனிப் பெண் வந்தாள். மிச்சமாகிற கரண்டை அக்கம்பக்கத்தாருக்கு விற்கலாம் என்று போனில் ஆப் ஏற்றித் தந்தாள். நடுவில் எவனாவது புகுந்து திருடிவிட்டால்? (இதை நான்கு விதமாகக் கேட்டேன்.) முடியாதாம். பிளாக்செயினாம். ஒரு யூனிட் கைமாறினாலும் திட்டத்தில் சேர்ந்த எல்லோரிடமும் அந்தக் கணக்கு பதிந்துவிடும். யாரும் அழிக்கவோ திருத்தவோ முடியாது. அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினேன்.

காதுகுத்துக்குப் போகையில் கையில் ரொக்கம் இல்லை. ஆப்பில் யூனிட் சேர்ந்திருந்தது; அதை விற்றுத்தான் மறுநாள் சோலார் கடனுக்குத் தவணை கட்ட வேண்டும். மச்சான் வீடும் அதே திட்டத்தில் இருந்ததால், அதில் ஐம்பது யூனிட்டை மொய்யாக அனுப்பி அசத்த நினைத்தேன். (செஞ்சி வட்டாரத்தின் முதல் மின்சார மொய்.)

அமுக்கினேன். திரையில் வட்டம் சுற்றியது. போச்சா, போகலையா? மறுபடி அமுக்கினேன். வாசலில் நின்று அமுக்கினேன். பந்தி நடக்கும் இடத்தில் நாற்காலி மேல் ஏறி நின்று அமுக்கினேன். ஏழாவது தடவை சிக்னல் வந்தது. ஏழும் சேர்ந்து போய்விட்டன.

மச்சான் போனைப் பார்த்து ஏழுமலை மைக்கில் படித்தார்: "மாவு மில்லு மாப்ள, கரண்டு அம்பது யூனிட்டு. மாவு மில்லு மாப்ள, இன்னொரு அம்பது."

நாலாவது ஐம்பதுக்குக் கைதட்டினார்கள். ஏழாவதுக்குச் செல்வி எழுந்து வந்தாள்.

கம்பெனிப் பெண்ணுக்கு போன் போட்டேன். வாங்கியவரே திருப்பி அனுப்பினால்தான் உண்டு என்றாள். ஊர்த் திருடனையெல்லாம் தடுக்கிற ஏற்பாடு, என் கட்டைவிரலைத் தடுக்கவில்லை. மச்சானை ஓரமாக இழுத்துக் கெஞ்சினேன்.

"மொய்யத் திருப்பிக் கேக்குற ஆள இப்பத்தான் பாக்குறேன் மாப்ள. ஒன் வூட்ல விசேஷம் வெய்யி. செஞ்சிட்டுப் போறேன்."

மறுநாள் தவணைக்குச் செல்வியின் கம்மல் அடகுக்கடைக்குப் போனது. (ஒரு காதுக்கு ஏறி, இன்னொரு காதிலிருந்து இறங்கியது.)

எங்கள் வீட்டில் அடுத்த விசேஷம் மகன் கல்யாணம்தான். அவன் ஆறாவது படிக்கிறான். எனவே புதிதாகக் கட்டிய கக்கூசுக்குப் பத்திரிகை அடித்துத் திறப்பு விழா வைத்தேன். மச்சான் குடும்பத்தோடு வந்தார். பிரியாணி சாப்பிட்டார். கக்கூசை உபயோகித்தும் பார்த்தார். போகும்போது ஒரு கவரைக் கொடுத்தார். உள்ளே நூற்றி ஒரு ரூபாய்.

இப்போதெல்லாம் நான் ஃபேன் சுவிட்சில் கை வைத்தாலே மகன், "நைனா, ஒரு தடவ போதும்" என்கிறான். யூனிட் ஐந்து ரூபாய். கவரைக் கழித்து, பிரியாணியைச் சேர்க்காமல், மச்சான் இன்னும் தரவேண்டியது ஆயிரத்து அறுநூற்று நாற்பத்தொன்பது ரூபாய்.