ஒரிஜினல் தவளை

ஒரு காட்டில் ஒரு தவளை இருந்தது. இருந்தது என்று அதுவாகச் சொல்லிக்கொண்டதே தவிர, ஆதாரம் ஒன்றும் கிடையாது.

காடு தென்னமெரிக்காவில், கயானா தேசத்தில். அங்கே மழை வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து லீவு எடுத்ததில்லை. ஒரு பெரிய மரத்தின் கிளையில், அன்னாசிக்கு ஒன்றுவிட்ட தங்கை முறையாகும் செடி ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. அதன் இலைக் கக்கத்தில் எப்போதும் ஒரு டம்ளர் மழைத்தண்ணீர் நிற்கும். தவளைக்கு ஊர், நாடு, குளம் எல்லாம் அந்த ஒரு டம்ளர்தான். அதில்தான் பெண்டாட்டியோடு குடித்தனம்.

அந்த இனத்தில் பிள்ளை சுமப்பது அப்பன் வேலை. கீழே ஈரச் சருகில் பொரிந்த தலைப்பிரட்டைகளை ஒவ்வொன்றாக முதுகில் ஒட்டவைத்துக்கொண்டு, மரமேறி, டம்ளரில் விட்டுவிட்டு, மறுபடி இறங்கவேண்டும். இறங்கும்போதெல்லாம் "ஒரு நடை போயிட்டு வரேன்" என்று பெண்டாட்டியிடம் சொல்லிவிட்டுத்தான் இறங்கும். மொத்தம் பதினொரு பிள்ளைகள். பதினொரு நடை.

பதினோராவது நடையில் பார்த்தால், அடிமரத்தில் சிவப்புப் பெயின்டில் ஒரு பெருக்கல் குறி.

"இது என்ன?" என்று பக்கத்துக் கிளையில் இருந்த பஞ்சவர்ணக்கிளியைக் கேட்டது தவளை. கிளி சாதாரணப் பட்சி இல்லை. சுற்றுலாத் துறையின் எல்லா விளம்பரத்திலும் அதன் படம்தான். அதனால் அதற்குத் தெரியாத சேதி இல்லை, தெரிந்ததைச் சொல்லாமல் இருக்கும் பழக்கமும் இல்லை.

"வெட்டப் போறாங்க" என்றது கிளி. "இங்க இயற்கை விடுதி வருது. இயற்கையைப் பாக்க வர்ற ஜனங்க வண்டியை எங்க நிறுத்துவாங்க? இங்கதான்."

"என் பிள்ளைங்க மேல இருக்காங்களே!"

"என்கிட்ட சொல்லி என்ன ஆகும்? வன ஆபீஸ்ல போய் மனு கொடு."

வன ஆபீசில் எறும்புத்தின்னிதான் குமாஸ்தா. கவுன்டருக்கு முன்னால் எறும்புகள் வரிசையாக நின்றிருந்தன. அவற்றின் மனுக்கள் மட்டும் உடனுக்குடன் பைசலாயின. நாக்கு ஒருமுறை வெளியே வந்து போகும், வரிசை நகரும். தவளை எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரமாகவே கவுன்டருக்கு வந்துவிட்டது.

"இனம்?" என்றது எறும்புத்தின்னி.

"தவளைங்க சார்."

"எந்தத் தவளை?"

"இந்தத் தவளைதான் சார்."

எறும்புத்தின்னி பெரிய பதிவேட்டைப் புரட்டியது. "மரத்தவளை இருக்கு. கண்ணாடித்தவளை இருக்கு. விஷத்தவளையே நாலு விதம் இருக்கு. நீ இல்லையேப்பா."

"நான் உங்க முன்னாடிதானே சார் நிக்கிறேன்."

"நில்லு, யாரு வேண்டாம்னா? ஆனா உன்னை இன்னும் கண்டுபிடிக்கலை. கண்டுபிடிக்காத ஆள்கிட்ட மனு வாங்க ரூல் இல்லை."

"எங்க முப்பாட்டன் காலத்துலேர்ந்து இங்கதான் சார் இருக்கோம்."

"யாராவது பாத்தாங்களா?"

"நீங்க பாக்குறீங்களே!"

"நான் பாத்தா செல்லாது. வெளியூர்லேர்ந்து யாராவது வந்து பாக்கணும். அடுத்தவர் வாங்க."

அடுத்ததாக நின்ற எறும்பு வந்தது. வந்த சுவடே தெரியவில்லை.

தவளை ஒன்றும் அசடு இல்லை. ஆற்றோரம் ஒரு கூடாரம் இருப்பது அதற்குத் தெரியும். மார்கிட் என்றொரு விஞ்ஞானி அம்மாள், விடுதி முதலாளி கொடுத்த பணத்தில், புது உயிர்களைத் தேடி வந்திருந்தாள். புதிதாக ஏதாவது கிடைத்தால் விடுதிக்கு நல்ல விளம்பரம் என்பது முதலாளியின் எண்ணம். தவளை விடிந்ததும் போய்க் கூடாரத்து வாசலில் உட்கார்ந்து கத்தியது. மார்கிட் அம்மாள் எட்டிப் பார்த்து, "தெரிந்த இனம்" என்று நோட்டில் எழுதிவிட்டுப் பல் தேய்க்கப் போனாள். மறுநாள் போய் ராகம் மாற்றிக் கத்தியது. "தெரிந்த இனம், தொண்டை சரியில்லை" என்று எழுதினாள்.

மூன்றாம் நாள் தவளை மல்லாக்கப் படுத்து வயிற்றைக் காட்டியது. ஆபீசுக்குப் போய்ப் பழகிய யாருக்கும், எதைக் காட்டினால் வேலை நடக்கும் என்று மூன்றாம் நாள் தெரிந்துவிடும். மஞ்சள் வயிறு, அதில் நீலப் பொட்டுகள். மார்கிட் அம்மாளின் வாயிலிருந்து டூத் பிரஷ் விழுந்தது. இருபது வருஷம் காடுகாடாக அலைந்தவள், அங்கேயே முழங்காலிட்டு அழுதாள். பொய்யில்லை, நிஜமான கண்ணீர். அந்தக் கண்ணீரோடு உதவியாளைக் கூப்பிட்டு, "வீராசாமி, புட்டி" என்றாள்.

வீராசாமியின் கொள்ளுத்தாத்தா கரும்பு வெட்டக் கப்பலேறி அந்த நாட்டுக்குப் போனவர். தமிழ் வழியிலேயே தொலைந்துவிட்டது, பெயர் மட்டும் தங்கிவிட்டது. ஆகவே அவர் தம் ஊர் மொழியில் பேசியதை நான்தான் தமிழில் சொல்கிறேன்.

"புட்டி எதுக்கு?" என்று தவளை, கூடாரத்துக்கு மேலே கிளையில் உட்கார்ந்திருந்த கிளியைக் கேட்டது.

"சின்ன நடைமுறைதான்" என்றது கிளி. "புது இனம்னா ஒரு ஆளை ஸ்பிரிட்ல போட்டு மியூசியத்துல வைப்பாங்க. அதுதான் ஒரிஜினல். மத்தவங்களை எல்லாம் அதோட ஒத்துப் பாத்துக்குவாங்க."

"புட்டியிலேர்ந்து எப்ப விடுவாங்க?"

கிளி ஒரு கொட்டையை உடைப்பதில் ரொம்ப மும்முரமாக இருந்தது.

தவளை தாவிப்போய் மரமேறியது. டம்ளரில் பதினொரு பிள்ளைகளும் வாலை ஆட்டிக்கொண்டிருந்தன.

"ஏங்க, கண்டுபிடிச்சாச்சா?" என்றது பெண்டாட்டி.

"ஆச்சு. ஒரு கையெழுத்துதான் பாக்கி. ஒரு நடை போயிட்டு வரேன்."

"பிள்ளைங்கதான் எல்லாம் மேல வந்தாச்சே. இன்னும் யாரைத் தூக்கிட்டு வரப் போறீங்க?"

தவளை பிள்ளைகளை இன்னொரு தரம் எண்ணிப் பார்த்துவிட்டு இறங்கிவிட்டது.

வீராசாமி புட்டியின் மூடியைத் திறந்து பாறைமேல் வைத்துவிட்டு, அக்கம்பக்கம் பார்த்தார். "எனக்கு ஷூ லேஸ் அவுந்திருக்கு. நான் நிமிர்றதுக்குள்ள ஓடிப் போயிடு" என்று குனிந்தார். அவர் போட்டிருந்தது ரப்பர் பூட்ஸ். அதில் லேஸே கிடையாது. ஆனாலும் வெகுநேரம் குனிந்தே இருந்தார். நிமிர்ந்தபோது தவளை புட்டியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தது. அது தானாக உள்ளே இறங்கியதும் வீராசாமி வேறெங்கோ பார்த்துக்கொண்டு மூடியைத் திருகினார்.

அப்புறம் எல்லாம் மளமளவென்று நடந்தது. புது இனத்துக்கு விடுதி முதலாளியின் மாமியார் குளோரியா பெயரை லத்தீனில் நீட்டி வைத்தார்கள். குளோரியன்சிஸ் என்று பத்திரிகையில் வந்தது. மாமியார் படமும் வந்தது. மரத்தில் சிவப்புக் குறியை அழித்துவிட்டுப் பச்சையில் நம்பர் போட்டார்கள். பெண் தவளை அந்தப் பச்சையைத் தினமும் இறங்கி வந்து பார்த்துவிட்டுப் போகும்.

உலகத்தில் மிக அரிய தவளையைப் பார்க்க ஜனம் வந்தது. பார்க்க வந்தவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். அண்ணாந்தவர்களில் ஒருவர் தலையில் ஒரு காய்ந்த குச்சி விழுந்தது. மறுவாரமே, சுற்றுலாப் பயணிகளின் பாதுகாப்பை முன்னிட்டு மரத்தை அகற்றலாம் என்று உத்தரவு வந்தது. பச்சை நம்பர்மேல் பழைய சிவப்புப் பெயின்டாலேயே குறி போட்டார்கள்.

பெண் தவளை வன ஆபீசுக்கு ஓடியது.

"இனம்?"

குளோரியன்சிஸ் என்பதைப் பெண் தவளை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருந்தது. பிசகாமல் சொன்னது.

எறும்புத்தின்னி நாற்காலியை விட்டு எழுந்தே விட்டது. "அடடே, நீங்களா! உக்காருங்கம்மா. இதோ பாருங்க, பதிவேட்டில் முதல் பக்கத்துலயே இருக்கீங்க."

பெண் தவளை, அவர் போனது வீண்போகவில்லை என்று நினைத்துக்கொண்டது.

"மனுவை வாங்கிக்கிறேன். ஒரிஜினல் கொண்டு வந்திருக்கீங்களா?"

"எந்த ஒரிஜினல் சார்?"

"உங்க இனத்தோட ஒரிஜினல்மா. நீங்க எல்லாம் நகல்தானே? ஜெராக்ஸை வெச்சு மனு வாங்க முடியாது."

"அவர் என் வீட்டுக்காரர் சார். கடல் தாண்டி மியூசியத்துல இருக்கார்."

"அப்ப அவரை வந்து ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போகச் சொல்லுங்க."

"அவர் செத்துட்டார் சார்."

"அதனால என்னம்மா? உயிரோட இருக்கணும்னு ரூல் எதுவும் கிடையாது. நேர்ல வந்தா போதும். அடுத்தவர் வாங்க."

மரத்தை வெட்டி முடிக்க ஒரு காலைப்பொழுதுதான் ஆனது. அது நின்ற இடத்தில் மாட்டு வண்டி அளவுக்கு ஒரு சிமென்டுத் தவளை வைத்தார்கள். மஞ்சள் வயிறு, நீலப் பொட்டு, வாய் திறந்த சிரிப்பு. பக்கத்தில் பலகை: 'மிக அரிய உயிரினம். தொடாதீர்.'

விழுந்த கிளையில் டம்ளர் பாதி சிந்திவிட்டிருந்தது. பதினொன்றில் ஏழுதான் உயிரோடு இருந்தன. சிமென்டுத் தவளையின் வாயில் மழைத்தண்ணீர் தேங்கியிருப்பதைப் பெண் தவளை பார்த்தது. அதன் இனத்தில் எந்தப் பெண்ணும் பிள்ளை சுமந்ததில்லை. ஒன்றை முதுகில் ஏற்றிக்கொண்டு அந்தச் சிமென்டு வயிற்றில் வழுக்கி வழுக்கி ஏறியது. இறங்கும்போது, கேட்க அங்கே யாரும் இல்லாவிட்டாலும், "ஒரு நடை போயிட்டு வரேன்" என்றது. ஏழு நடை.

அன்று மாலை ஒரு வெள்ளைக்காரச் சுற்றுலாக் கோஷ்டி சிலையோடு படம் எடுத்துக்கொண்டது. அதில் ஒரு பெண்மணி சிலையின் வாய்க்குள் எட்டிப் பார்த்து, "உள்ளே ஏதோ நெளியுதே" என்றாள்.

"அழுக்குங்க" என்றது, இப்போது விடுதியில் வழிகாட்டியாக இருக்கும் பஞ்சவர்ணக்கிளி. "நாளைக்குக் காலையில பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவிடுவாங்க."

நீதி: குடியிருக்கும் இடத்தைக் காப்பாற்ற மனு கொடுக்க விரும்புவோர், முதலில் இறந்துவிட்டுப் பிறகு நேரில் வரவும். ஒரு நடை மிச்சமாகும்.